கொழும்பிலிருந்து தலவாக்கலை வரை: மலைப்பாதையில் பிள்ளைகளுடன் ஐந்து மணி நேரம்

கினிகத்தேனையைத் தாண்டிய பிறகு பின் இருக்கையில் சத்தம் அடங்கினால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உடனே திரும்பிப் பாருங்கள். பிள்ளையின் உதடு வெளுத்திருக்கும், நெற்றியில் வியர்வை அரும்பியிருக்கும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும். இன்னும் இரண்டு வளைவுதான். அதற்குள் பை கைக்கு வர வேண்டும்.

நானும் கணவரும் வேலை பார்ப்பது கொழும்பில். என் அம்மாவும் அப்பாவும் இருப்பது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில். தீபாவளி, பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, பள்ளி விடுமுறை என்று வருடத்தில் நான்கைந்து தடவை இந்தப் பாதையில் ஏறி இறங்குகிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, அழாமல் வரட்டும் என்று கைபேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். வட்டவளை வருவதற்குள் தாத்தாவின் வெள்ளை வேட்டி முழுக்க வாந்தி. பிள்ளை அழுததோ வயிற்று வலிக்காக அல்ல. "தாத்தா வேட்டி, தாத்தா வேட்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகைக்குப் பிறகுதான் இந்தப் பயணத்தை நான் உட்கார்ந்து யோசித்துத் திட்டமிடத் தொடங்கினேன். அந்தத் திட்டத்தையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

காதின் உட்பகுதியில் உடலின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது அது "நகர்கிறோம், திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண் கைபேசித் திரையிலோ புத்தகத்திலோ ஊன்றியிருந்தால், அது "எதுவும் அசையவில்லை" என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோது தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. 2 வயதிலிருந்து 12 வயது வரையான பிள்ளைகளுக்கே இது அதிகம். வண்டி ஓட்டுகிறவருக்கு அநேகமாக வருவதில்லை. அடுத்த வளைவு எது என்று அவர் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது.

ஆகவே மலைப்பாதையில் பிள்ளைகளை மகிழ்விக்க ஒரே விதி: கண் ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும், வாயும் காதும் வேலை செய்ய வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த விதிக்குள் அடங்குபவை. வண்ணம் தீட்டும் புத்தகம், சிறிய புதிர்க்கட்டை, கைபேசி விளையாட்டு எல்லாம் சமதரைக்கு நல்லவை. மலையில் வேண்டாம்.

முதல் நாள் இரவு

இரவு உணவு காரம் குறைவாக, எண்ணெய் குறைவாக இருக்கட்டும். நேரத்தோடு தூங்க வையுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்குத் தலைசுற்றல் சீக்கிரம் வரும்.

இரண்டு பைகள் கட்டுவேன். ஒன்று பின்னால் சாமான்களோடு போகும். இன்னொன்று என் காலடியில் இருக்கும். இரண்டாவதில்தான் கவனம் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட பொலித்தீன் பைகள் ஐந்தாறு (ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள், நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டேன்), ஈரத்துணி, ஒரு சிறிய துவாய், ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை, தண்ணீர், இஞ்சி பிஸ்கட், ஒரு எலுமிச்சம்பழம், கம்பளிச் சட்டைகள். எலுமிச்சையை நகத்தால் கீறி முகர்ந்து பார்க்கக் கொடுப்பது என் அம்மாவின் பழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும் என்று சொல்லமாட்டேன். என் மகனுக்கு உதவுகிறது.

வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் வயதையும் எடையையும் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுத்தால்தான் பயன். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம்.

யார் எங்கே உட்காருவது

வேனில் கடைசி வரிசை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதுதான் அதிகம் குலுங்கும், முன் கண்ணாடியும் அங்கிருந்து தெரியாது. நடு வரிசையில், முன்னால் பாதை தெரியும்படி உட்கார வையுங்கள். சின்னவர்களுக்குக் குழந்தை இருக்கை இருந்தால், ஜன்னல் விளிம்புக்கு மேலே கண் வருகிற உயரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத பிள்ளைக்கு வேறு எந்த விளையாட்டும் எடுபடாது.

முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. "என் கையில் பத்திரமாக இருக்கிறான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டென்று பிரேக் போட்டால் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. இதில் மட்டும் நான் மாமியார் சொன்னாலும் விட்டுக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் இருக்கைப்பட்டி வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கை தலை போகக் கூடாது. எதிரே வரும் பஸ் வளைவில் நம்மை உரசிக்கொண்டுதான் போகும்.

அவிசாவளை வரை

விடியற்காலை நான்கரைக்குப் புறப்படுங்கள். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வந்து இருக்கையில் வைத்துவிடலாம். அவிசாவளை வரை அவர்களுக்கு இது இன்னும் இரவுதான். நெரிசலும் இல்லை. சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்கு வசந்தகாலக் கூட்டம் போகும். அப்போது ஏழு மணிக்குப் புறப்பட்டால் ஐந்து மணி நேரப் பாதை ஏழு மணி நேரமாகும்.

விழித்துக்கொண்ட பிள்ளைக்குக் கைபேசி கொடுப்பதாக இருந்தால் இங்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டு ஒப்பந்தம்: யட்டியாந்தோட்டை வரை படம், பிறகு கைபேசி பைக்குள். எல்லையை ஊர்ப் பெயரால் சொல்வது முக்கியம். "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் பேரம் பேசுவார்கள். ஊர்ப்பலகை வந்துவிட்டால் பேரம் இல்லை.

கித்துல்கலயில் இறக்கிவிடுங்கள்

ஏற்றம் தொடங்குவதற்கு முன் கட்டாயம் ஒரு நிறுத்தம் வேண்டும், அதற்குக் கித்துல்கலதான் சரி. பாண், வாழைப்பழம், கொஞ்சம் இஞ்சி பிஸ்கட். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. பால் கொடுத்து ஏற்றாதீர்கள். கழிப்பறைக்கு எல்லோரும் போய்வர வேண்டும், "எனக்கு வரவில்லை" என்பவர்களும்தான். மேலே போனால் நல்ல கழிப்பறைக்கு ஹட்டன் வரை காத்திருக்க நேரலாம்.

இருபது நிமிடம் ஓடவிடுங்கள், கயிறு ஆட்டம், நொண்டி, எதுவானாலும் சரி. களனி கங்கையைக் கரையிலிருந்து காட்டுங்கள். இறக்காதீர்கள். மேலே மழை பெய்தாலோ நீர்மின் நிலையங்களிலிருந்து தண்ணீர் விட்டாலோ ஆறு சொல்லாமல் உயரும். இங்கே வெயில் அடிப்பது எதற்கும் உத்தரவாதம் அல்ல.

ஏற்றம்: கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை

இனிதான் உண்மையான வேலை. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே என் கையிருப்பில் உள்ள விளையாட்டுகளைப் பலன் தரும் வரிசையில் தருகிறேன்.

முதலாவது, வளைவு சொல்வது. பிள்ளை முன்னால் பார்த்து, வண்டி திரும்புவதற்கு முன் "இடம்" அல்லது "வலம்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பக்கம் உடலையும் லேசாகச் சாய்க்க வேண்டும். பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஓட்டுகிறவருக்கு ஏன் தலைசுற்றுவதில்லையோ அதே காரணத்தை இது பிள்ளைக்கும் கொடுக்கிறது. மகனுக்கு இடம் வலம் கற்றுக்கொடுத்ததே இந்தப் பாதைதான். ஒரு நிபந்தனை: மெதுவான குரலில் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் காதில் கத்தக் கூடாது, அவரை எந்த விளையாட்டிலும் சேர்க்கவும் கூடாது.

இரண்டாவது, சொல் அந்தாதி. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழில் இதை அப்படியே ஆடினால் மூன்றாவது சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். 'ன்', 'ள்', 'ழ்' என்று முடியும் சொற்கள் ஏராளம், அவற்றில் தொடங்கும் சொற்கள் இல்லை. அதனால் எங்கள் விதிகள் மூன்று. சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய எழுத்தை எடுக்கலாம். அந்த எழுத்தின் வரிசையில் எது வேண்டுமானாலும் சொல்லலாம், 'லை' வந்தால் 'ல', 'லா', 'லி' எல்லாம் சரி. சொன்ன சொல் திரும்ப வரக் கூடாது.

போன பொங்கலுக்கு வட்டவளை மழையில் ஆடியது நினைவிருக்கிறது. நான் 'தேயிலை' என்று தொடங்கினேன். மகள் 'லயம்' என்றாள். மகன் 'மலை' என்றான். அம்மாயி, அதாவது என் அம்மா, கொஞ்சம் யோசித்து 'லாம்பு' என்றார். 'புகை' என்றேன். மகள் 'கொழுந்து'. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருந்த என் அப்பா திரும்பாமலே 'துரை' என்றார். 'ரை'க்கு என்ன வரும் என்று எல்லோரும் திகைத்தபோது அம்மாயி 'ராத்தல்' என்றார். பிள்ளைகளுக்கு அந்தப் பழைய எடைச் சொல் தெரியவில்லை. பாணை ராத்தல் கணக்கில் வாங்கியது, மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்தை ராத்தல் கணக்கில் நிறுத்தது, தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே மழையில் நின்றது என்று அம்மாயி சொல்லத் தொடங்கினார். ரொசல்லை தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது இதிலிருந்து பிறந்ததுதான்: பெரியவர்களைப் பேச வைப்பது. மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர். ஒன்று துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர், பலகையில் இருப்பது. இன்னொன்று நம் முன்னோர் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர், பலகையில் இல்லாதது. ஒவ்வொரு தோட்டப் பலகை வரும்போதும் பிள்ளை ஆங்கிலப் பெயரை வாசிக்க, தாத்தாவோ அம்மாயியோ தமிழ்ப் பெயரைச் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கம் மல்லியப்பு சந்தி வரும்போது அந்தப் பெயரில் என்ன பூ ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். பெரியவர்கள் வண்டியில் இல்லாவிட்டால், பெயர்களை மகள் நினைவில் வைத்துக்கொண்டு போய் வீட்டில் கேட்கிறாள். இந்தப் பெயர்கள் எழுதப்படாமல் போய்விடும் என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் இந்த விளையாட்டை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மும்மொழிப் பலகைகளும் நல்ல வேட்டை. தமிழ் வரியில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் ஒரு புள்ளி. வெளியே தூரத்தில் இருக்கும் பலகையை வாசிப்பதால் தலைசுற்றாது.

விடுகதைக்குப் பழையவை இருக்கின்றன. "அள்ளலாம், கிள்ள முடியாது" என்றால் தண்ணீர். "ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டு வாசலில் படுப்பான்" என்றால் செருப்பு. அவை தீர்ந்ததும் ஜன்னலில் தெரிவதை வைத்துப் பிள்ளைகளையே கட்டச் சொல்லுங்கள். "காலில்லாமல் மலை இறங்குவான், கதவில்லாமல் வீட்டுக்குள் வருவான்" என்று மகள் ஒன்று கட்டினாள். விடை, பனிமூட்டம்.

பரிசு வைத்து ஆடும் போட்டிகளை நான் கைவிட்டுவிட்டேன். ஒரே இருக்கையில் ஐந்து மணி நேரம் இருக்க வேண்டிய இருவரில் ஒருவர் தோற்றால், மீதிப் பயணம் முழுக்க அதுதான் ஓடும்.

மலை தானாகவே காட்டும் வேடிக்கை

கடையில் வாங்கும் எந்தப் பொம்மையும் இதற்கு ஈடாகாது. கொழும்பில் வாங்கிய உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் வையுங்கள். கினிகத்தேனையில் ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டும், ஹட்டனில் மறுபடி. ஹட்டன் 1200 மீட்டருக்கும் மேல். வெளியே காற்றின் அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, பாக்கெட் தலையணை போல உப்பும். அதே காரணத்தால்தான் காது அடைக்கிறது என்று அப்போது சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால், மிட்டாய் சப்பினால் காது திறக்கும். கைக்குழந்தைக்குப் பால் சப்பக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, கம்பளிச் சட்டை எந்த ஊரில் போடுவோம் என்று புறப்படும்போதே ஒவ்வொருவரும் ஓர் ஊர் சொல்வது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறைகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், ஆகவே கொழும்பைவிடப் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர். ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்து ஊருக்கு ஊர் வித்தியாசம் சொல்வான் மகன். வரிசை மனப்பாடமாகிவிட்டது: அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "நீயே சொல், இன்னும் எத்தனை ஊர்?" என்று திருப்பிக் கேட்கலாம்.

ரயில் பாதையும் வட்டவளையிலிருந்து அடிக்கடி பக்கத்தில் வரும். முதலில் தண்டவாளத்தைக் கண்டவர் கை தூக்கலாம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கம் அது, அரைக் கிலோமீட்டருக்கும் மேல். வண்டியிலிருந்து அதற்குள் போக முடியாது என்று மகனுக்கு இன்னும் வருத்தம்.

டெவனும் சென்கிளேயரும்

ஹட்டனிலிருந்து வரும்போது முதலில் டெவன் நீர்வீழ்ச்சி, 97 மீட்டர். பிறகு சென்கிளேயர், 80 மீட்டர். மீட்டர் கணக்கு பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு நல்ல தென்னைமரம் இருபத்தைந்து மீட்டர் என்று வைத்து, டெவன் எத்தனை தென்னை என்று கேளுங்கள். பார்வையிடம் வந்ததும் இறங்கி ஒரு பிளேன்டீ குடியுங்கள், பிள்ளைகள் கால் நீட்டட்டும். ஈரப் புல்லில் இறங்கினால் திரும்பி ஏறும்போது விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்டி வழியாகப் போகிறவர்களுக்கு

அந்தப் பாதையில் வியாபாரமே வேடிக்கை. பஸ்யாலைக்கு அருகே முந்திரிப்பருப்பு, வரக்காப்பொலையில் எள்ளுருண்டை, இடையில் பிரம்புக் கூடைகள். மாவனல்லையில் உதுவன்கந்தை மலை தெரியும்போது சரதியல் கதையைத் தொடங்குங்கள். அந்த மலையில் ஒளிந்திருந்து வழிப்பறி செய்து, 1864இல் தூக்கிலிடப்பட்டவன். பறித்ததை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பழைய வழி வரும்வரை கதையை இழுத்தால் ஏற்றம் தெரியாது. கம்பளை, புசல்லாவை தாண்டி இறம்பொடைக்கு வந்தால் நீர்வீழ்ச்சியும் சாலைச் சுரங்கமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் செய்தும் வாந்தி வந்தால்

ஜன்னலைத் திறந்து, தூரத்து மலை ஒன்றைக் காட்டி அதையே பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பான அகலமான இடம் வந்ததும் நிறுத்துங்கள், வளைவில் நிறுத்தாதீர்கள். வாய் கொப்பளித்து, ஐந்து நிமிடம் நடந்து, ஒரு மிடறு தண்ணீர். உடனே சாப்பாடு வேண்டாம். திட்டாதீர்கள். "நேற்றே சொன்னேன்" என்று யாரும் தொடங்கவும் விடாதீர்கள். வாந்தி எடுத்ததற்காக வெட்கப்பட்ட பிள்ளை அடுத்த பயணத்தில் வேனைப் பார்த்ததுமே குமட்டும். மகள் வேட்டிக்காக அழுத அன்று என் அப்பா செய்தது இதுதான்: வேட்டியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுவிட்டு, துவாயைக் கட்டிக்கொண்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவோரம் தேயிலைச் செடிகளை எண்ணிக் காட்டினார்.

பனிமூட்டமும் மண்சரிவும்

திடீரென்று வெளியே எதுவும் தெரியாமல் போனால் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். எங்கள் வண்டியில் பனிக்குள் நுழைந்ததும் எல்லோரும் குசுகுசுவென்று மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு வழக்கம். பனி யாரையோ தூங்க வைத்திருக்கிறது, எழுப்பக் கூடாது என்பது கதை. பயமும் போகிறது, ஓட்டுகிறவருக்குத் தேவையான அமைதியும் கிடைக்கிறது.

வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கும் மேல். மே முதல் செப்டம்பர் வரை போவதாக இருந்தால், தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், எந்த விருந்தும் காத்திருக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, இலவச அம்புலன்ஸ் 1990. இரண்டையும் மகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். பாதை மறிபட்டு மணிக்கணக்காக நிற்க நேர்ந்தால், அதுதான் கைபேசியை வெளியே எடுக்க வேண்டிய நேரம். வண்டி நிற்கும்போது திரை எதுவும் செய்யாது.

இறங்கும் பயணம்

திரும்பி வரும்போது பிள்ளைகள் சோர்ந்திருப்பார்கள், பாட்டியைப் பிரிந்த துக்கமும் இருக்கும். புதிய விளையாட்டு எதையும் திணிக்காமல் தூங்க விடுங்கள். ஒன்றை மட்டும் வைத்திருப்பேன். நுவரெலியாவுக்குப் போன நாளில், காலித் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அங்கேயே மகன் கையால் இறுக்கி மூட வைப்பேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஹட்டனில் போத்தல் லேசாகக் குழியும். கினிகத்தேனையில் இடுப்பு ஒடுங்கும். அவிசாவளைக்கு வரும்போது யாரோ முறுக்கிப் போட்டது போல நெளிந்து கிடக்கும். அதைத் திறக்கும் உரிமை மகனுக்கு. மூடியைத் திருகியதும் "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். போன தடவை, திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று மடியில் வைத்துக்கொண்டான். "இதற்குள்ளே அம்மாயி ஊர்க் காற்று இருக்கிறது" என்றான். அது இன்னும் அவன் கட்டில் பக்கத்தில் நெளிந்தபடியே இருக்கிறது.